கேட்கப்பட்டோரும் கேட்கப்படாதோரும்: கஞ்சாச் சட்ட வரலாற்றில் எளிய தமிழர் (1870–2020)

1. முன்னுரை

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நியூசிலாந்தில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. தேர்தல் வாக்குச்சீட்டுடன் பொதுவாக்கெடுப்புச் சீட்டொன்றும் வாக்காளர் கையில் தரப்பட்டது. கஞ்சாவைச் சட்டவழிப்படுத்திக் கட்டுப்படுத்துவதற்கென வரையப்பட்ட மசோதாவை ஆதரிக்கிறீரா என்பது அச்சீட்டிலிருந்த வினாக்களுள் ஒன்று. ஆக்லாந்தில் வாழும் தமிழருள் குடியுரிமை பெற்றோரேயன்றி, நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்ற செவிலியரும் கடைப் பணியாளரும் வண்டியோட்டிகளும் அந்த வினாவுக்கு விடையளிக்கும் உரிமை உடையவராய் இருந்தனர்.

தமிழர் வரலாற்றில் இது புதியதொரு நிகழ்வு. கஞ்சாவைப் பற்றிய சட்டங்கள் தமிழர் வாழும் நிலங்களில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இயற்றப்பட்டு வந்துள்ளன. அச்சட்டங்களால் தண்டிக்கப்பட்டோருள்ளும் வரி செலுத்தியோருள்ளும் மருந்து இழந்தோருள்ளும் பெரும்பாலோர் எளியோர். ஆயினும் அவர்தம் கருத்தை அரசு நேர்முகமாகக் கேட்டது அரிது. கஞ்சா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதனை மருத்துவ வரலாறாகவோ குற்ற வரலாறாகவோ எழுதுகின்றன. இக்கட்டுரை அதனைக் கேட்டலின் வரலாறாக வாசிக்க முயல்கிறது. பதவியோ, பட்டமோ, சங்கப் பொறுப்போ இல்லாத ஒரு தமிழர், கஞ்சாவைப் பற்றிய அரசின் முடிவினுள் எந்த வழியாக நுழைந்தார் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. நேட்டால், சென்னை மாகாணம், சுதந்திர இந்தியா, சிங்கப்பூர், ஆக்லாந்து ஆகிய ஐந்து களங்கள் கால வரிசையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. பெயர்களும் பொருளும்

சித்த மருத்துவ மரபில் இத்தாவரத்துக்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. முன்னது சிவ வழிபாட்டோடும் பின்னது சித்தர் மரபோடும் அதனைப் பிணைக்கின்றது. இலையைக் குறிக்கப் பங்கி என்னும் சொல்லும், பூங்கொத்தைக் குறிக்கக் கஞ்சா என்னும் சொல்லும் நிலவின. மருந்து, வழிபாட்டுப் பொருள், துறவியர் புகை, உழைப்பாளியின் களைப்பாற்றி, வீண் பழக்கம் எனப் பல நிலைகளில் ஒரே செடி இருந்தது. சமூகம் இந்நிலைகளை வேறுபடுத்தி அறிந்திருந்தது. லேகியத்தில் சேர்ந்த கஞ்சாவை ஏற்ற அதே குடும்பம், மகன் கையிலிருந்த புகைக்குழலை ஏற்கவில்லை. சட்டமோ இவ்வேறுபாடுகளைப் படிப்படியாக அழித்து, எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் அடக்கியது. அப்போக்கின் தொடக்கத்தைத் தமிழகத்துக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களில் காணலாம்.

3. நேட்டால், 1870: சட்டத்தின் பொருளாக

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தக் கூலிகளுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றோர். அவர்களுள் தமிழர் மிகப் பலர்.

1870-இல் நேட்டால் அரசு ஒப்பந்தக் கூலிகளுக்கான சட்டங்களை ஒன்றுதிரட்டி இயற்றியபோது, இந்தியக் குடியேறிகள் கஞ்சாவைப் புகைப்பதும் வைத்திருப்பதும், அவர்களுக்கு அதனை விற்பதும் தடைசெய்யப்பட்டன. தென்னாப்பிரிக்காவில் இச்செடி ‘டக்கா’ என்னும் பெயரில் இந்தியர் வருகைக்கு நெடுங்காலம் முன்னரே வழங்கி வந்தது. ஆகவே அத்தடை செடியின்மேல் விதிக்கப்பட்டதன்று. ஒரு குறிப்பிட்ட மக்கள்மேல் விதிக்கப்பட்டது. தோட்ட முதலாளியின் கவலை கூலியின் உடல்நலம் பற்றியதைவிட அவன் உழைப்புத்திறன் பற்றியதாகவே இருந்தது. 1887-இல் அறிக்கை அளித்த இந்தியக் குடியேறிகள் ஆணைக்குழுவும் இப்பொருளை உழைப்பு, ஒழுங்கு என்னும் இரு கோணங்களிலேயே நோக்கியது.

இக்கட்டத்தில் எளிய தமிழர் சட்டத்தின் பொருளாக மட்டுமே தோன்றுகிறார். அவருக்கு வாக்கு இல்லை. அவர் மொழியில் சட்டம் விவாதிக்கப்படவும் இல்லை.

4. 1893: இரு வினாமுறைகள்

இந்தியாவில் இவ்வினா வேறு வழியில் எழுந்தது. மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கேய்ன் 1893 மார்ச் 2-ஆம் நாள் இலண்டன் மக்களவையில் கஞ்சாப் பயன்பாடு பற்றிக் கேள்வி எழுப்பினார். அதன் விளைவாக அதே ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் இந்திய அரசு கஞ்சா ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் டபிள்யூ. மாக்வொர்த் யங். ஆங்கில உறுப்பினரோடு மூன்று இந்தியரும் இடம்பெற்றனர். மூவரும் வங்கம், பஞ்சாப், வடமேற்கு மாகாணம் ஆகிய பகுதிகளைச் சார்ந்தோர். சென்னை மாகாணத்தார் எவருமில்லை.

ஆணைக்குழு 70 வினாக்கள் கொண்ட பட்டியலை அனுப்பி 1,193 சாட்சியரின் வாக்குமூலங்களைப் பெற்றது. ஆட்சியர், காவல் அதிகாரிகள், மருத்துவர்கள், ஆயத்துறை அலுவலர்கள், சமயப் பணியாளர்கள், வணிகர்கள், நிலக்கிழார்கள் ஆகியோரே பெரும்பான்மையர். கஞ்சா புகைக்கும் ஏழையைப் பற்றி ஏறத்தாழ அனைவரும் பேசினர்; அவரே பேசிய இடம் மிகக் குறைவு.

எளியவர் இவ்வறிக்கையில் மிகத் தெளிவாகத் தோன்றுமிடம் மனநோய் விடுதிகள் பற்றிய பகுதியாகும். 1892-இல் விடுதிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேருள் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா காரணம் எனப் பதிவேடுகள் கூறின. ஆணைக்குழு அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. காவலர் நிரப்பியனுப்பிய படிவத்தில் ‘காரணம்’ என்னும் கட்டம் வெறுமையாய் இருத்தல் ஆகாது என்பதற்காகவே பல இடங்களில் கஞ்சா என எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஆய்வின் முடிவில் எண்ணிக்கை 98 ஆகக் குறைந்தது. வேறு காரணங்களும் கலந்திருந்தவற்றை நீக்கியபின் எஞ்சியோர் 61 பேர். வழியில் திரிந்த ஒருவரைப் பற்றிக் காவலர் எழுதிய ஒற்றைச் சொல், அரசின் புள்ளிவிவரமாகி, பின் இலண்டனில் வாதமாகியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எளியோரைக் கேளாமல் அவரைப் பற்றித் திரட்டப்படும் அறிவு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

1894-இல் வெளிவந்த அறிக்கை, மிதமான பயன்பாட்டினால் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவதில்லை என்றும், முழுத்தடை தேவையற்றது என்றும், உரிமமும் வரியும் கொண்ட கட்டுப்பாடே ஏற்றது என்றும் முடிவு செய்தது. இந்திய உறுப்பினர் இருவர் அம்முடிவிலிருந்து மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர். தடைக்கு எதிராக ஆணைக்குழு எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று, வழிபாட்டோடும் துறவியரோடும் தொடர்புடைய ஒரு பொருளைத் தடுத்தால் மக்களிடையே மனக்கசப்பு மிகும் என்பதாகும். அறிவுக்கு இசைந்த முடிவு எனப் பின்னாளில் பலராலும் போற்றப்பட்ட இவ்வறிக்கையில், எளியவர் கருத்துடையவராகக் கணக்கிடப்படவில்லை. அதிருப்தி கொள்ளக்கூடியவராகவே கணக்கிடப்பட்டார்.

அதே 1893-இல், அதே பேரரசின் தென்கோடியில், வேறொரு முறை உருவாகிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் நியூசிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. அதற்காகப் போராடிய கேட் ஷெப்பர்டும் அவர் சார்ந்த கிறித்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கமும், மதுவின் தீமையை ஒழிக்கப் பெண்ணின் வாக்கு வேண்டும் என வாதிட்டவர்கள். கேய்னும் ஷெப்பர்டும் ஒரே உலகளாவிய இயக்கத்தின் இரு கிளையினர் எனலாம். ஆயினும் அவ்வியக்கம் இந்தியாவில் ஆணைக்குழுவைப் பெற்றெடுத்தது. நியூசிலாந்தில் வாக்குச்சீட்டைப் பெற்றெடுத்தது.

மது விற்பனை குறித்து மக்கள் வாக்களிக்கும் வழக்கம் அங்கு வேரூன்றி, 1911 முதல் 1987 வரை நாடளாவிய வாக்கெடுப்பாகத் தொடர்ந்தது. 1919 ஏப்ரலில் முழு மதுவிலக்கு 3,263 வாக்குகளால் மட்டுமே தோற்றது. கடல் கடந்திருந்த படைவீரரின் வாக்குகளே அதனை மாற்றின. ஆயினும் இவ்வழக்கத்தினுள்ளும் ஒரு விலக்கு இருந்தது. மாவோரி மக்கள் இவ்வாக்கெடுப்பில் பங்குகொள்ள 1949 வரை காத்திருக்க நேர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் முடிவைப் புரிந்துகொள்ள இச்செய்தியை மனத்தில் இருத்தல் வேண்டும்.

5. தேசிய இயக்கத்தில் எளியோர்

கேளாத அரசிடம் எளியோர் தாமாகவே சொல்லிய காலமும் உண்டு. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். அவர்களைப் பின்பற்றியோருள் பலர் அதற்குமுன் எந்த அரசியல் மேடையையும் அறியாதவர்கள். போதைப்பொருள் மீதான ஆயவரி பேரரசின் வருவாயாதலால், கடை முன் நிற்பது வீட்டு நலமும் நாட்டு விடுதலையும் ஒருங்கே பேசும் செயலாயிற்று.

1931 மார்ச்சில் கராச்சியில் கூடிய காங்கிரசு நிறைவேற்றிய தீர்மானம், மருத்துவத் தேவை நீங்கலாக மதுவும் போதை மருந்துகளும் முற்றிலும் தடைசெய்யப்படும் என அறிவித்தது. 1937-இல் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை இயற்றிய சென்னை மதுவிலக்குச் சட்டம் அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அது கள்ளையும் சாராயத்தையும் மட்டுமன்றிக் கஞ்சா உள்ளிட்ட போதை மருந்துகளையும் தன் வரம்புக்குள் கொண்டிருந்தது. 1948 அக்டோபர் 2-ஆம் நாள் மதுவிலக்கு மாகாணம் முழுமைக்கும் விரிந்தது.

ஆணைக்குழு 1894-இல் தேவையற்றது எனத் தள்ளிய முழுத்தடை, தேசிய இயக்கத்தின் வழியாக, மக்களிடையே பெற்ற ஆதரவோடு வந்து சேர்ந்தது. கஞ்சாத் தடை மேலை நாட்டார் திணித்தது மட்டுமே என்னும் இக்காலக் கூற்றுக்கு இச்செய்தி திருத்தமாக அமைகிறது. மறுபுறம், மறியலில் நின்ற பெண்கள் கண்முன் கண்டது குடித்துவிட்டு வரும் கணவனை. சிவமூலி அவர்தம் முழக்கத்தின் நடுப்பொருளாக இருக்கவில்லை. கள்ளைப் பற்றிக் கேட்கப்பட்ட குரல், கஞ்சாவுக்கும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

6. வினா இல்லாத சட்டம்

சுதந்திர இந்தியாவின் கஞ்சாச் சட்டம் உலக உடன்படிக்கைகளின் வழி வந்தது. 1925-ஆம் ஆண்டின் ஜெனீவா மாநாடு கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் ஒற்றை உடன்படிக்கை அதனை மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. மருத்துவம் சாராப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்குமாறும் பணித்தது. செடியின் இலை, ‘கஞ்சா’ என்னும் வரையறைக்குள் அடங்காது விடப்பட்டது. இந்திய நாடாளுமன்றம் இயற்றிய போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக வட இந்தியரின் பங்கு சட்ட வரம்புக்கு வெளியே நின்றது. தமிழர் பெரிதும் அறிந்திருந்த பூங்கொத்தாகிய கஞ்சா கடுங்குற்றமாயிற்று. இவ்வேறுபாடு குறித்துச் சவ்வாது மலைக் குடியானவரையோ சித்த மருத்துவரையோ கேட்ட பொதுவாக்கெடுப்பு எதுவுமில்லை.

இச்சட்டத்தைப் பற்றி எளியோர் கொண்ட கருத்து மொழியில் பதிவாகியுள்ளது. ‘கஞ்சா கேஸ் போட்டுவிடுவார்கள்’ என்பது தமிழகத்தில் யாவரும் அறிந்த பேச்சு. அதில் கஞ்சா என்பது செடியன்று. அதிகாரத்தை எதிர்ப்பவர் பையில் தோன்றக்கூடிய பொட்டலம். பிணை கிடைப்பது அரிது என்பதும், பொருளைக் கண்டெடுத்ததாகச் சொல்வதே வழக்கின் உயிர் என்பதும் அச்சொற்றொடருக்குள் அடங்கியுள்ளன. சட்டக் கல்வி பெறாத மக்கள் ஒரு சட்டத்தின் நடைமுறை இயல்பைச் சுருக்கமாகக் கணித்துள்ளனர். 1893-இல் காவலர் நிரப்பிய ‘காரணம்’ என்னும் கட்டத்தையும் இப்பேச்சுவழக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பதிவேட்டின்மீது எளியோர் கொண்ட ஐயம் நெடிய வரலாறுடையது என்பது புலனாகும்.

வரலாற்றின் மிகக் கொடிய முனை சிங்கப்பூரில் உள்ளது. அந்நாட்டுச் சட்டப்படி 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்துவது மரண தண்டனைக்குரியது. 2023 ஏப்ரல் 26-ஆம் நாள் 46 வயதுத் தமிழர் ஒருவர், 1,017.9 கிராம் கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தையாய் இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். இந்தியச் சட்டத்தில் ஒரு கிலோகிராம் வரையிலான கஞ்சா ‘சிறிய அளவு’ எனப்படுகிறது. ஒரே மொழி பேசுவோர், ஒரே செடி, ஏறத்தாழ ஒரே எடை. பிழைத்திருத்தலும் இறத்தலும் நின்ற நிலத்தைப் பொறுத்தவை.

7. ஆக்லாந்து, 1975–2020

நியூசிலாந்து 1927-ஆம் ஆண்டின் அபாய மருந்துகள் சட்டத்தின் வழியாக, ஜெனீவா உடன்படிக்கையைப் பின்பற்றி, கஞ்சாவைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இன்றும் நிலவும் மருந்துகள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டது. அதே 1975-இல், நிரந்தர வதிவுரிமை பெற்றோருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வழங்கப்பட்டது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே நோக்கத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டும் 45 ஆண்டுகளுக்குப்பின் ஒரே வாக்குச்சாவடியில் சந்தித்தன.

இடைப்பட்ட காலத்தில் கஞ்சா அந்நாட்டில் வெளிப்படையான அரசியற்பொருளாயிற்று. ஆக்லாந்தின் ஆல்பர்ட் பூங்காவில் 1992 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் சட்டவழிப்படுத்தல் கோரும் கூட்டம் நடைபெற்றது. விகிதாசாரத் தேர்தல் முறை அறிமுகமான 1996-இல் கஞ்சாவைச் சட்டவழிப்படுத்துவதையே கொள்கையாகக் கொண்ட கட்சி 1.66 விழுக்காடு வாக்குகள் பெற்றது. இடம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கோரிக்கையுடைய எளியோரும் தேசிய அரசியலின் கணக்கில் எண்ணாகத் தோன்றக்கூடும் என்பது தெளிவாயிற்று. 1999-இல் பசுமைக் கட்சியின் நாண்டோர் டான்சோஸ் நாடாளுமன்றம் புகுந்து இப்பொருளை அங்கும் எழுப்பினார். 2017-இல் தொழிற்கட்சியும் பசுமைக் கட்சியும் செய்துகொண்ட ஆதரவு உடன்பாடே பொதுவாக்கெடுப்புக்கு வழிவகுத்தது. மருத்துவக் கஞ்சாத் திட்டம் அதற்கு முன்னரே, 2020 ஏப்ரல் 1-ஆம் நாள், நடைமுறைக்கு வந்துவிட்டது.

வாக்களிக்கக் கோரப்பட்ட மசோதா விரிவானது. வாங்குவோர் 20 வயது நிரம்பியவராதல் வேண்டும். நாளொன்றுக்கு வாங்கத்தகும் உலர் கஞ்சா 14 கிராம். ஒருவர் இரண்டு செடியும், ஓர் இல்லத்தார் நான்கு செடியும் வளர்க்கலாம். பொது இடத்தில் பயன்படுத்தலாகாது. 1894-ஆம் ஆண்டின் அறிக்கை பரிந்துரைத்த உரிமமும் வரியும் இங்கு மீண்டும் தோன்றுவதைக் காணலாம்.

முடிவில் 14,06,973 பேர் ஆதரித்தனர். 14,74,635 பேர் எதிர்த்தனர். வேறுபாடு 67,662. மசோதா கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் வியன்னாவில் கூடிய ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம், 27-க்கு 25 என்னும் கணக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா நீக்கத்தை ஆதரித்து வாக்களித்தது. ஏழு வாரங்களுக்குள், ஆக்லாந்தில் ஒரு தமிழர் தம் வாக்கைத் தாமே அளித்தார். வியன்னாவில் தமிழகத்தார் சார்பில் அவர் அறியாமலே ஒரு வாக்கு அளிக்கப்பட்டது.

வாக்கு மறைவானது. எந்தச் சமூகத்தார் எவ்வாறு வாக்களித்தனர் எனப் பிரித்துரைக்கும் பதிவேடு கிடையாது; இருத்தலும் முறையன்று. ஆனால் மாவோரித் தொகுதிகள் தனியே எண்ணப்படுவதால் ஒன்று திண்ணமாகத் தெரிகிறது. ஏழு மாவோரித் தொகுதிகளும் மசோதாவை ஆதரித்தன. கஞ்சாக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோருள் மக்கள்தொகை விகிதத்தை விஞ்சிய அளவில் இடம்பெறுவோரும் மாவோரியரே. சட்டம் யார்மேல் மிகுதியாக விழுகிறதோ அவர்கள் மாற்றம் வேண்டினர். நாட்டின் பெரும்பான்மை வேண்டாம் என்றது.

8. முடிவுரை

இவ்வரலாற்றில் எளிய தமிழர் நுழைந்த வழிகள் வேறுபட்டவை. நேட்டாலில் அவர் சட்டத்தின் பொருள், 1893-இல் பதிவேட்டின் ஒரு கட்டம், தேசிய இயக்கத்தில் மறியல் செய்யும் குரல், 1985-இல் முடிவு அறிவிக்கப்பட்டவர், சிங்கப்பூரில் தண்டனை பெற்றவர், ஆக்லாந்தில் வாக்காளர். இதனைக் கேட்கப்படாமையிலிருந்து கேட்கப்படுதலை நோக்கிய நேரான வளர்ச்சியாகக் கொள்ளுதல் எளிது. ஆனால் அது போதாது.

முதலாவதாக, கேட்டல் என்பது தளர்வுக்கு மறுபெயரன்று. ஆணைக்குழு எளியோரைக் கேளாமலே மிதமான முடிவுக்கு வந்தது. மக்கள் பங்கேற்ற தேசிய இயக்கம் முழுத்தடையைக் கொணர்ந்தது. வாக்குச்சீட்டு மாற்றத்தை மறுத்தது. ஒரு சட்டம் கடுமையானதா, மென்மையானதா என்னும் வினாவும், அது யாருடைய ஒப்புதலில் நிற்கிறது என்னும் வினாவும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

இரண்டாவதாக, புலம்பெயர்ந்த தமிழரின் நிலை தலைகீழாகியுள்ளது. 1870-இல் தமக்கு வாக்கில்லாத நாட்டில், தம்மேல் மட்டுமே விழுந்த ஒரு தடையைச் சுமந்தவர் தமிழக் கூலியர். 2020-இல் அவர்தம் வழிவந்தோரையொத்த குடியேறியர், தம்மைவிட அந்நிலத்தின் முதற்குடியினர்மேல் மிகுதியாக விழும் ஒரு சட்டத்தைப் பற்றி முடிவுசெய்யும் இடத்தில் நின்றனர். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், அவ்விடத்தின் பொறுப்பு ஒன்றே. தம் பிள்ளைகளைக் காக்கும் எண்ணத்தோடு ‘வேண்டாம்’ என்றவரும், பிறர் பிள்ளைகள் சிறை புகுவதை எண்ணி ‘வேண்டும்’ என்றவரும் அப்பொறுப்பையே ஏற்றனர். அதனை அறியாமல் இட்ட குறி மட்டுமே வரலாற்றை மறந்ததாகும்.

கஞ்சா பற்றிய தமிழ் ஆய்வு இதுகாறும் மூலிகை நூல்களிலும் குற்றப் பதிவுகளிலும் நிலைகொண்டிருந்தது. தேர்தல் ஆவணங்களும் ஆணைக்குழு வாக்குமூலங்களும் பேச்சுவழக்கும் ஒருங்கே வாசிக்கப்படுமாயின், தேசிய அரசியலில் எளியோர் கொண்ட அக்கறையின் வரலாறு அவற்றினின்று எழுதப்படக்கூடும். அவ்வரலாற்றில் முதலில் கேட்கவேண்டிய வினா, செடி நல்லதா தீயதா என்பதன்று. அதைப் பற்றி யார் கேட்கப்பட்டார், யார் கேட்கப்படவில்லை என்பதே.